ஸ்பிட்ஃபயர் மார்க் 3: கிர்லிங் மாஸ்டர் சிலிண்டர் மதுரைப் பக்கம் எங்க கிடைக்கும்?

மூணாம்_மார்க்
எல்லாருக்கும் வணக்கம். வண்டி ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், மார்க் 3, 1968 மாடல், 1296 சிசி, ரைட் ஹேண்டு. கொடைக்கானல்ல ஒரு பங்களா ஷெட்டுல தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. இந்த ஊருக்கு எப்படி வந்து சேர்ந்துச்சுன்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்றாய்ங்க, அது கிடக்கட்டும். மூணு வருசமா திருநகர்ல என் வீட்டுல நிக்குது. இஞ்சின் ஓடுது, கியர் விழுது, பிரேக்தான் உயிரை வாங்குது.

காலைல எடுக்கும்போது ஒண்ணும் தெரியாது. நாலஞ்சு தடவை பிரேக் மிதிச்சதும் பெடல் கல்லாயிரும், வண்டி இழுக்கத் திணறும். பசுமலை தாண்டுறதுக்குள்ள முன் இடது வீல்ல புகை. டீக்கடையில ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறப்போட்டா திரும்ப உருளும். மெக்கானிக் ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு: மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதிச்சா ஆயிலை வீலுக்குத் தள்ளுற சிலிண்டர்) போச்சு, புதுசு வாங்கிட்டு வாங்க.

ரெண்டு நாளா ஸ்பேர்ஸ் கடை ஒவ்வொண்ணா ஏறி இறங்கிட்டேன். "ட்ரையம்ப்பா? அது பைக்காச்சே"ங்குறாய்ங்க. முன்னாடி 9 இஞ்ச் டிஸ்க்கு, பின்னாடி 7 இஞ்ச் டிரம்மு, எல்லாம் கிர்லிங் கம்பெனி பிரேக்கு. மதுரை, திண்டுக்கல், விருதுநகர் எங்கேயாச்சும் கிடைக்குமா? யாராவது வழி சொன்னா புண்ணியமாப் போகும்.

மாருதிப்_பிரியன்
எதுக்கு ப்ரோ அலையணும்? மாருதி 800 மாஸ்டர் ஒண்ணை வாங்கி, பிளேட் வெல்டு பண்ணி மாட்டி விடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஃபியட்டுக்கே அப்படித்தான் போட்டிருக்காரு.

ஹெரால்டு_தாத்தா
தம்பி மூணாம் மார்க், அவசரப்பட்டு எதையும் வெல்டு பண்ணிராதே.

முதல்ல உன் வண்டி நமக்குச் சொந்தக்காரன்தான், அதைத் தெரிஞ்சுக்கோ. ஸ்பிட்ஃபயரோட சேசிஸ் ட்ரையம்ப் ஹெரால்டு காருலேர்ந்து எடுத்தது. ரெண்டையும் வரைஞ்சது இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டை 1961லேர்ந்து மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு கம்பெனி கட்டுச்சு. என்கிட்ட இருக்குறது அதுல ஒண்ணு, நாப்பது வருசமா நானே பிரிச்சு நானே பூட்டுறேன். பிரேக்கும் தூரத்துச் சரக்கு இல்ல. 1911ல நம்ம மதுரையில ஆரம்பிச்ச டிவிஎஸ்காரங்கதான் 1962ல இங்கிலாந்து லூக்காஸ் கம்பெனியோட சேர்ந்து மெட்ராஸ் பாடியில பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்குனாங்க. டப்பாவுல "டிவிஎஸ் கிர்லிங்"னு போட்டிருக்குமே, அந்த கிர்லிங்தான் உன் வண்டியில இருக்குறதும்.

அதுக்காக எல்லாமே பொருந்திரும்னு ஆசைப்படாதே. நம்மூர் ஹெரால்டுல முன்னாடியும் டிரம்முதான். உன் டிஸ்க்கு, அதைக் கவ்வுற காலிப்பர், பேடுக்கு இங்க ஜோடி கிடையாது. பின் டிரம்முல ஷூ, ஸ்பிரிங், அட்ஜஸ்டர் ஒரே குடும்பம், பழைய சரக்கு எங்கேயாச்சும் ஒளிஞ்சிருக்கும். கடையில வண்டிப் பேரைச் சொல்லாதே. கழட்டின சாமானை வெர்னியரோட மேசை மேல வை. கிர்லிங் உடம்புலயே போர் அளவை, அதான் உள்துளை விட்டத்தை, வார்த்து வச்சிருப்பான், துருவைத் துடைச்சுட்டுப் படி.

மாருதி சிலிண்டர் விசயம். போர் பெருசானா ஆயில் நிறையத் தள்ளும், ஆனா அழுத்தம் குறையும். 5/8 இஞ்ச் போர் இருந்த இடத்துல 3/4 இஞ்ச் வச்சேன்னு வை, பரப்பு 1.44 மடங்கு. அதே பிரேக் பிடிக்க நீ 44 சதவீதம் கூடுதலா மிதிக்கணும். பூஸ்டர் இல்லாத வண்டி அது. மாட்டுத்தாவணி சிக்னல்ல பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னு இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்துக்கோ.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணு. அடுத்த தடவை வீல் பிடிச்சதும் ஆறப்போடாதே. ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு குடுத்து, வீலைக் கையால சுத்திப் பாரு. மாஸ்டர்லேர்ந்து வெளிய வர்ற பைப் நட்டை அரைச் சுத்து தளர்த்து. வீல் விட்டுருச்சுன்னா குத்தம் பெடல் பக்கத்துல. விடலைன்னா ரப்பர் ஹோஸுக்கு முன்னால இருக்குற நட்டு. அதுக்கும் விடலைன்னா ஏர் எடுக்குற காலிப்பர் பிளீடர் நிப்பிள். நிப்பிள்ல பீச்சிட்டு விட்டுச்சுன்னா நடுவுல இருக்குற ஹோஸ்தான் அடைச்சிருக்கு. நிப்பிளைத் தொறந்தும் விடலையா, பிஸ்டன் துருப்பிடிச்சு உக்காந்திருக்கு. பண்ணிட்டு வந்து எழுது.

லண்டன்_பார்சல்
சார், இங்கிலாந்துல ஸ்பிட்ஃபயருக்கு ஆணி வரைக்கும் புதுசா கிடைக்குது. மாஸ்டர், காலிப்பர், ஹோஸ் எல்லாத்தையும் ஒரே பெட்டியில வரவழைச்சுருங்க. கஸ்டம்ஸ்ல கொஞ்சம் வலிக்கும், ஆனா நிம்மதி.

மூணாம்_மார்க்
ஐயா, நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன். குழம்பிப் போய் உக்காந்திருக்கேன்.

வலது வீலு, மாஸ்டர் நட்டைத் தளர்த்தினதும் விட்டுருச்சு. இடது வீலு அதுக்கு அசையவே இல்ல. ஹோஸுக்கு முன்னாடி நட்டைத் தளர்த்தினேன், ம்ஹும். நிப்பிளைத் தொறந்தேன், சட்டையெல்லாம் ஆயிலு, வீல் லொடக்குன்னு விட்டுருச்சு.

அப்ப இடது பக்கம் ஹோஸும் போச்சு, மாஸ்டரும் போச்சா? ஆத்திரத்துல அந்த ஹோஸைக் கழட்டி ஆக்ஸா பிளேடால குறுக்க அறுத்தேன். வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கு, ஒரு வெடிப்புகூட இல்ல. உள்ள ரப்பர் பிதுங்கி, நடுத்துளை குண்டூசி முனை அளவுக்குத்தான் இருக்கு. விரலால அமுக்கினா ஊறவச்ச அப்பளம் மாதிரி கொழகொழங்குது. பெடல் மிதிக்குற வேகத்துக்கு ஆயில் உள்ள போயிருது, திரும்பி வர வழியில்ல. புகை வந்த காரணம் புரிஞ்சுது. ஆனா ரெண்டு இடத்துல ஒரே நேரத்துல எப்படிங்கய்யா?

புதூர்_லேத்து
அண்ணே, நமக்கு கே.புதூர் சிட்கோ பக்கம் லேத்துப் பட்டறை. மாஸ்டர்ல ஊசித்துளை அடைச்சிருக்கும்ணே. ரெஸ்ட்ல இருக்குறப்ப ஆயில் டப்பாவுக்குத் திரும்ப ஒரு பொடித் துளை இருக்கும்ல, அதை கம்பி விட்டுக் குத்தி விடுங்க.

ஹெரால்டு_தாத்தா
லேத்துத் தம்பி, நீங்க சொல்றது அம்பாசடர் மாதிரி லாக்ஹீட் வகைக்குச் சரி. இது கிர்லிங் சிவி. அதுல ஊசித்துளையே கிடையாது, நடுவுல ஒரு வால்வு தண்டு நுனியில குட்டி ரப்பரோட இருக்கும். உள்ள ஓடுற பிளஞ்சர் முழுசாப் பின்னால வந்தாத்தான் அந்த வால்வைத் தூக்கி வழி விடும். பிளஞ்சர் மேல இருக்குற கிண்ணம் மாதிரி சீல், அதான் பக்கெட் ரப்பர், வீங்கிருச்சுன்னா பிளஞ்சர் பாதியில நின்னுரும், வால்வு தொறக்காது, பெடல் கல்லாயிரும். இந்தத் தம்பி சொல்றது அச்சு அசலா அதேதான்.

மூணாம் மார்க், ஹோஸ் ரப்பரும் வீங்கியிருக்கு, பக்கெட்டும் வீங்கியிருக்கு. எல்லா ரப்பரும் ஒண்ணா வீங்குதுன்னா சாமானைச் சந்தேகப்படாதே, ஆயிலைச் சந்தேகப்படு. டப்பாவுலேர்ந்து ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில விடு. நல்லாக் கலக்கு. என்ன ஆகுதுன்னு சொல்லு.

மூணாம்_மார்க்
டம்ளரைப் பாத்துக்கிட்டே எழுதுறேன்.

பாதி கரைஞ்சு தண்ணி லேசாக் கலங்கலாச்சு. மீதி மேல மிதக்குது, ரசத்துல நெய் மிதக்குற மாதிரி வட்டம் வட்டமா. ஸ்பூனால அடிச்சுக் கலக்கினாலும் திரும்ப மேல வந்துருது.

ஹெரால்டு_தாத்தா
பிரேக் ஆயில் தண்ணியில முழுசாக் கரையும். மிதக்குறது வேற எண்ணெய். யாரு ஊத்தினது?

மூணாம்_மார்க்
நான்தான் ஐயா.

போன சித்திரைத் திருவிழா சமயம். டப்பாவுல ஆயில் குறைஞ்சிருந்தது. எதிர்சேவை அன்னைக்குக் கடையெல்லாம் பூட்டு. வண்டியோட வந்த சாமான்ல ஒரு பழைய டின் இருந்துச்சு, மேல "ஹைட்ராலிக்"னு இங்கிலீஷ்ல பாதி அழிஞ்ச எழுத்து. ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஹைட்ராலிக் ஆயில்தானேன்னு கால் டம்ளர் ஊத்தினேன். நேத்து அந்த டின்னைத் துடைச்சுப் பாத்தா, அடியில ஜாக்கி படம் போட்டிருக்கு.

மெக்கானிக்கைத் திட்டிக்கிட்டு இருந்தேன். வாயை மூடிக்கிட்டேன்.

கொண்டைஊசி
ஹஹ்ஹா. மன்னிச்சுக்கங்க சார், சிரிப்பை அடக்க முடியல. "பிரேக் ஆயில்"னு நாம பேரு வச்சதுதான் வினை. ஆயில்னு சொன்னா எவனும் எண்ணெயத்தானே ஊத்துவான்.

ரப்பர்_லேப்
நான் ரப்பர் தொழிற்சாலை ஒன்றில் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இந்த இழை முழுக்க என் பிழைப்பு ஓடுவதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கொண்டைஊசி சொன்னது வேடிக்கையாக இருந்தாலும் சரிதான். டாட் 3, டாட் 4 என்று தரம் பிரித்து விற்கும் பிரேக் ஆயில் எல்லாம் கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். பெட்ரோலியம் இல்லை. அதற்கு ஒத்துப்போவது இயற்கை ரப்பர், செயற்கை ரப்பரில் எஸ்பிஆர், இப்போது பெரும்பாலும் ஈபிடிஎம். இவை மூன்றுமே மினரல் எண்ணெய் பட்டால் அதை உறிஞ்சி உப்பிவிடும். ஜாக்கி ஆயில், இஞ்சின் ஆயில், டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ், ரப்பரின் கணக்கில் எல்லாம் ஒரே சாதி. ஜாக்கிக்குள் இருப்பது நைட்ரைல் ரப்பர், எண்ணெயைத் தாங்கும். ஆனால் அதே நைட்ரைல் பிரேக் திரவத்தில் கெடும். ஒன்றுக்கு உணவு, மற்றதற்கு விஷம்.

தம்பி, இரண்டு காரியம் செய்யாதீர்கள். பட்டறையில் வழக்கமாகச் செய்வதுபோல் சாமான்களைப் பெட்ரோலில் அலசாதீர்கள், பைப்புக்குள் தங்கினால் போதும், புது ரப்பரும் போய்விடும். கறுப்பு ஓ-ரிங் அளவு சரியாக இருக்கிறதே என்று ஹார்டுவேர் கடையில் வாங்கிப் போடாதீர்கள், அது அநேகமாக நைட்ரைல்தான்; கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல எனக்கே வராது. எண்ணெய் பட்ட ரப்பர் ஒன்றையும் மிச்சம் வைக்க வேண்டாம், துடைத்தாலும் தேறாது. உலோக பைப்புகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு அலசலாம், செல்போன் ரிப்பேர் கடைக்காரர்கள் வைத்திருப்பார்கள்.

சந்தேகம் இருந்தால் பழைய பக்கெட் இரண்டை எடுத்து ஒன்றை ஜாக்கி ஆயிலிலும் ஒன்றைப் பிரேக் ஆயிலிலும் இரண்டு நாள் ஊறப்போட்டு வெர்னியர் வைத்துப் பாருங்கள்.

ஹெரால்டு_தாத்தா
அம்மா நல்லாச் சொன்னீங்க. எங்க காலத்துல விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்ததுதான் பிரேக் ஆயில். விளக்கெண்ணெய் ரப்பரை ஒண்ணும் பண்ணாது. இன்னைக்கும் ரப்பர் பூட்டுறப்ப தடவுற சிவப்பு கிரீஸ்ல அதுதான் இருக்கு. அதுக்காக யாரும் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடாதீங்க, டிஸ்க் சூட்டுக்கு அந்தக் கலவை தாங்காது.

மூணாம் மார்க், உன் வண்டியில பிரேக் டப்பாவும் கிளட்ச் டப்பாவும் பக்கத்துல பக்கத்துல இருக்குமே. அதுலயும் ஊத்தினியா?

மூணாம்_மார்க்
...ஆமாங்கய்யா.

ஹெரால்டு_தாத்தா
அப்ப அதையும் சேத்துக் கழட்டு.

மூணாம்_மார்க்
ஒரு வாரமா ஆள் காணோம்னு நினைச்சிருப்பீங்க. எல்லாத்தையும் இறக்கியாச்சு. முன் பானட் மொத்தமா முன்னாடி சாயுறதால நடுவுல நின்னு வேலை பாக்கலாம், அது ஒண்ணுதான் சுகம்.

மாஸ்டர்ல பிளஞ்சர் வெளிய வரவே மாட்டேன்னுச்சு. சைக்கிள் பம்பால காத்தடிச்சு, துணிக்குள்ள பிடிச்சேன், தக்காளி விதை மாதிரி தெறிச்சுது. பக்கெட் விளிம்பு வெளிப்பக்கமா மடங்கி காளான் குடை கணக்கா இருக்கு. உள்ளே போர்ல பிளஞ்சர் நிக்குற இடத்துல சொரசொரன்னு குழி, நகம் மாட்டுது.

காலிப்பர்ல ஒரு பக்கத்துக்கு ரெண்டு பிஸ்டன், ஆக நாலு. மூணு கிரீஸ் கன்னு அழுத்தத்துல வந்துருச்சு (அப்புறம் ஆல்கஹால்ல நாலு தடவை கழுவினேன் ரப்பர் அக்கா, திட்டாதீங்க). நாலாவது பிஸ்டன் ரெண்டு நாள் எடுத்துச்சு. பாம்பு சட்டை மாதிரி குரோமு உரிஞ்சு, அடியில துரு. உப்புத்தாள் போட்டுத் தேச்சா தேறுமா?

புதூர்_லேத்து
தேச்சா தேறாதுண்ணே. குரோமு போன இடத்துல துரு வந்துக்கிட்டேதான் இருக்கும், சீலை அறுக்கும். பிஸ்டனை நான் எஸ்எஸ் 316 துருப்பிடிக்காத ஸ்டீல்ல கடைஞ்சு தாரேன். பழசுல நல்லா இருக்குற ஒண்ணை மாதிரிக்குக் கொண்டாங்க. துருப்பிடிச்சதை அளந்தா அளவு பொய் சொல்லும்.

மாஸ்டருக்கு ஸ்லீவ் போட்டுரலாம். போரைப் பெருசாக் கடைஞ்சு, பித்தளை ஸ்லீவ் இறக்கி, உள்ளே பழைய அளவுக்கே வழவழன்னு தேச்சு ஹோன் பண்ணணும். தாத்தா சொன்ன மாதிரி ஊசித்துளை இல்லைன்னா எனக்குப் பாதி வேலை மிச்சம், லாக்ஹீட்ல அந்தத் துளையைத் திரும்பப் போடுறதுக்குள்ள கண்ணு பிதுங்கிரும். இதுல ஆயில் போற துளையை மட்டும் உள்பக்கம் பிசிறு இல்லாம எடுக்கணும். பிசிறு ஒரு மயிரளவு இருந்தாலும் பக்கெட்டு போற வழியில சீவிரும். வாயில லேசா சரிவு எடுத்துத் தாரேன், ரப்பர் வழுக்கிட்டு உள்ள போயிரும்.

கூலியை இங்க எழுத மாட்டேன். எழுதினா நாளைக்கு ஒருத்தன் ஸ்கிரீன்ஷாட்டோட பேரம் பேச வருவான்.

லண்டன்_பார்சல்
திரும்பச் சொல்றேன்னு நினைக்காதீங்க. பிரேக்கு உயிர் சமாசாரம். லேத்துல கடைஞ்ச பிஸ்டனை நம்பி மலை இறங்குவீங்களா? புதுசு கிடைக்குறப்ப ஏன் இந்த வேலை?

ஹெரால்டு_தாத்தா
கேள்வி நியாயந்தான் தம்பி. ஆனா எதைக் கடைஞ்சுக்கலாம், எதை வாங்கித்தான் ஆகணும்னு பிரிச்சுப் பாக்கணும்.

காலிப்பர் பிஸ்டன் ஒரு உருளை, அவ்வளவுதான். அளவும் வழவழப்பும் சரியா இருந்தா அது பர்மிங்ஹாம்ல கடைஞ்சதா புதூர்ல கடைஞ்சதான்னு ஆயிலுக்குத் தெரியாது. சூட்சுமம் சதுர சீல் ரிங்குல இருக்கு. மிதிக்குறப்ப பிஸ்டனோட சேர்ந்து அந்த ரப்பர் ஒரு பக்கமா முறுக்கிக்கும், விட்டதும் நிமிந்து பிஸ்டனை ஒரு இம்மி பின்னால இழுத்துக்கும். டிஸ்க்கு பிரேக்ல ரிட்டர்ன் ஸ்பிரிங் கிடையாது, அந்த ரப்பர்தான் ஸ்பிரிங். அதனால சீலும் ஹோஸும் நல்ல இடத்துலேர்ந்துதான் வரணும். அதை மட்டும் நீங்க சொல்ற இங்கிலாந்துக் கடையில வாங்கச் சொல்லுங்க, ஒரு கவர்ல அடங்கிரும். நாப்பது வருசம் பழைய "புது சரக்கு" ஹோஸ் பாலித்தீன் கவரோட கிடைச்சா வாங்காதே, ரப்பருக்குப் பெட்டிக்குள்ளயும் வயசாகும்.

இன்னொண்ணு. புது மாஸ்டரை இங்கிலாந்துலேர்ந்து வாங்கி அந்த ஜாக்கி ஆயில் பைப்புல மாட்டியிருந்தா, அதுவும் வீங்கியிருக்கும். அப்பவும் மாஸ்டர் போச்சுன்னுதான் எழுதியிருப்பான் இந்தத் தம்பி.

மாருதிப்_பிரியன்
ஹோஸ் இங்கேயே அடிச்சுத் தருவாங்களே! ஜேசிபி ஹோஸ் கிரிம்ப் பண்ற கடை ரிங் ரோட்டுல இருக்கு. அந்த அழுத்தத்துக்கு முன்னாடி இதெல்லாம் ஜுஜுபி.

ரப்பர்_லேப்
அழுத்தம் தாங்கும், திரவம் தாங்காது. ஜேசிபிக்குள் ஓடுவது எண்ணெய், அதனால் அந்த ஹோஸின் உள்குழாய் நைட்ரைல். மேலே எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

மாருதிப்_பிரியன்
ஓகே அக்கா, இனி நான் வாயைத் தொறக்கல.

மூணாம்_மார்க்
வாயைத் தொறங்க ப்ரோ, நீங்க கேக்குறதெல்லாம் நான் மனசுக்குள்ள கேட்டதுதான். சீல், ஹோஸ், கிளட்ச் கிட் மட்டும் ஆர்டர் போட்டாச்சு. பிஸ்டன், ஸ்லீவ் புதூர் அண்ணன்கிட்ட.

அடுத்த கேள்வி. பின் வீலுக்குப் போற ஸ்டீல் பைப் ஒரு இடத்துல துரு தின்னு காகிதம் மாதிரி இருக்கு. தெரு முனை ஏசி மெக்கானிக் செம்பு பைப் தர்றேங்குறாரு, வளைக்க லேசா இருக்குமாம்.

ஹெரால்டு_தாத்தா
வளைக்க லேசு, உடையவும் லேசு. வெறும் செம்பு அதிர்வுல இறுகி, நட்டுக்குப் பக்கத்துல மயிரிழை விடும். உன் வண்டியில மாஸ்டர்லேர்ந்து நாலு வீலுக்கும் ஒரே லைன். எங்க ஒரு இடத்துல விட்டாலும் நாலும் போச்சு, ஹேண்டு பிரேக்தான் கதி. செம்பு நிக்கல் கலந்த பிரேக் பைப்புன்னே விக்கிறான், இல்லாட்டி ஸ்டீல். 3/16 இஞ்ச்.

நட்டை எடுக்கும்போது கவனம். உன் வண்டி மரை 3/8 யுஎன்எஃப், இஞ்சுக்கு 24 மரை. இன்னைக்குக் கடையில கிடைக்குறது எம்10, பிட்ச் 1. கண்ணுக்கு ரெண்டும் அண்ணன் தம்பி. 3/8 நட்டு எம்10 துளையில லொடலொடன்னு உள்ள போயிரும், இறுகின மாதிரியே காட்டும், அழுத்தி மிதிக்கும்போது மரையைப் பிச்சுக்கிட்டு வெளிய வரும். பழைய நட்டைத் தூக்கிப் போடாதே, கழுவித் திரும்பப் போடு.

கொண்டைஊசி
நான் கொடைக்கானல் டாக்ஸி, வத்தலக்குண்டு ரூட்டு. ஆயில் என்ன ஊத்தப் போறீங்க? மலைக்கு டாட் 4 நல்லது. ஒருக்கா எனக்கு இறக்கத்துல பெடல் பஞ்சாட்டம் போச்சு, பழைய ஆயில் கொதிச்சு ஆவியாயிருச்சுன்னு அப்புறம் சொன்னாய்ங்க. ரெண்டாம் கியர்ல இஞ்சினைப் பிடிச்சு வந்ததால இன்னைக்கு இங்க எழுதுறேன்.

ரப்பர்_லேப்
எண்களில் சொன்னால், புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 230. ஆனால் இத்திரவம் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் டாட் 3 140க்கும் டாட் 4 155க்கும் இறங்கிவிடலாம். வருடக்கணக்கில் மாற்றாத டாட் 4ஐ விட, நேற்று திறந்த டாட் 3 மேல். மூடி திறந்து வைத்த டப்பாவை மறுமுறை பயன்படுத்தாதீர்கள். பெயின்ட் மேல் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உரித்துவிடும். டாட் 5 என்பது சிலிக்கோன், இதோடு கலக்கக் கூடாது.

புதூர்_லேத்து
அக்கா, சைடுல ஒரு கேள்வி. டிரம்மைத் தொறக்குறப்ப தூசியை கம்ப்ரஸர்ல ஊதுவோம், அதுலயும் எதாச்சும் இருக்கா?

ரப்பர்_லேப்
இருக்கிறது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஊதவே ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியோடு கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். பட்டறைப் பையன்களிடமும் சொல்லுங்கள் அண்ணா, அவர்கள்தான் தினமும் மூச்சிழுப்பவர்கள்.

மூணாம்_மார்க்
ஒன்றரை மாசம் கழிச்சு வர்றேன். வண்டி நிக்குது. அதாவது, நிக்கச் சொன்னா நிக்குது.

பார்சல் வந்துச்சு. புதூர் அண்ணன் கடைஞ்ச பிஸ்டனைக் கையில வச்சுப் பாத்தப்ப அதுல மூஞ்சி தெரிஞ்சுது. சீலைப் பிரேக் ஆயில்ல நனைச்சு உள்ள வச்சு, பிஸ்டனை ரெண்டு கட்டை விரலால அமுக்கினா, பைய, ஒரே சீரா இறங்குது. அந்த ஒரு நிமிசத்துக்காக இவ்வளவு நாள் அலைஞ்சது தகும். ஸ்லீவ் போட்ட மாஸ்டர்ல பிளஞ்சர் போயிட்டு டக்குன்னு திரும்பி வருது.

பிரேக் லைன்ல ஏர் எடுத்தது தனிக் கதை. பின் டிரம் அட்ஜஸ்டரை முழுசா இறுக்கிட்டு, தூரத்து வீலான பின் இடதுலேர்ந்து ஆரம்பிச்சோம். மெடிக்கல் ஷாப்புல வாங்கின குளுக்கோஸ் டியூப்பை நிப்பிள்ல மாட்டி, மறு முனை பாட்டில் ஆயிலுக்குள்ள. உள்ளே உக்காந்து மிதிச்சது எங்க அம்மா. "மிதிங்க", "பிடிச்சுக்கங்க", நான் நிப்பிளைத் தொறந்து மூடுறேன், "விடுங்க". நாப்பது தடவைக்கு மேல. நடுவுல சீரியல் நேரம் வந்துருச்சு, அம்மா பாதிப் பெடல்ல எந்திரிச்சுப் போயிட்டாங்க, நான் வண்டிக்கு அடியில நிப்பிளைத் தொறந்து வச்சுக்கிட்டு "பிடிச்சுக்கங்க"ன்னு கத்திக்கிட்டு இருக்கேன். ஏர் பூராவும் திரும்ப உள்ள. மறுநாள் முதல்லேர்ந்து.

டியூப்ல முதல்ல சாம்பல் கலர்ல வந்துச்சு, பின்ன பொங்கிப் பொங்கிக் குமிழி, கடைசியில தேன் கலர்ல சுத்தமா. அப்பவும் டம்ளர்ல தண்ணி எடுத்து ஒரு சொட்டு விட்டுப் பாத்தேன் ஐயா. மிதக்கல.

வெள்ளனா அஞ்சரை மணிக்கு அழகர்கோவில் ரோட்டுல ஓட்டிப் பாத்தேன். முதல்ல 30ல, அப்புறம் 50ல, அப்புறம் 70ல மிதிச்சேன். நேரா நிக்குது. கோவில் வாசல்ல இறங்கி நாலு வீலையும் தொட்டுப் பாத்தேன், முன்னாடி ரெண்டும் ஒரே சூடு. பின் வலது இளஞ்சூடு, பின் இடது மட்டும் பச்சைத் தண்ணி மாதிரி சில்லுன்னு. ஹேண்டு பிரேக் போட்டாலும் அந்த வீலு பிடிக்கல. ஆயில் ஒழுகல, சிலிண்டர் புது ரப்பர்.

ஹெரால்டு_தாத்தா
சில்லுன்னு இருக்குன்னா அந்த வீலு வேலையே பாக்கலன்னு அர்த்தம். பின் சிலிண்டருக்கு பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது ஒரு ஷூவைத் தள்ளும், எதிர் விசையில சிலிண்டரே பேக் பிளேட்டுல நகந்து மத்த ஷூவைத் தள்ளும். பேக் பிளேட் காடியில துருவோ பெயின்ட்டோ அடைச்சிருந்தா சிலிண்டர் நகராது. ஹேண்டு பிரேக்கும் அதே நகர்வை நம்பித்தான் இருக்கு. நீ பெயின்ட் அடிச்சியா?

மூணாம்_மார்க்
பளபளன்னு கறுப்பு பெயின்ட், ரெண்டு கோட்டு.

ஹெரால்டு_தாத்தா
காடி விளிம்புல பெயின்ட்டைச் சுரண்டி எடு. சிலிண்டரைப் பிடிக்குற ரெண்டு தகடையும் கழட்டி நேரா இருக்கான்னு பாரு, வளைஞ்ச தகடு அதை இறுக்கிப் பிடிச்சுக்கும். பூட்டினப்புறம் கையால தள்ளினா முன்னும் பின்னும் நகரணும். தகடு தேறலைன்னா கடைக்கு அலையாதே, என் ஷெட்டுல ஹெரால்டு பேக் பிளேட் ரெண்டு கிடக்கு, தகடோட. ஞாயித்துக்கிழமை திருநகர் பக்கம் ஒரு காதுகுத்துக்கு வர்றேன், கொண்டாறேன். சாப்பாட்டுக்கு முன்னாடி வந்துருவேன், டிரம்மைக் கழட்டி வை.

கொண்டைஊசி
ஐயா, வர்றப்ப அந்த ஜாக்கி ஆயில் டின்னையும் பாத்துட்டு வாங்க.

மூணாம்_மார்க்
அது ஷெட்டுல இல்ல. ஜாக்கியோட சேத்துக் கட்டி டிக்கியில போட்டுட்டேன், டின் மேல பெயின்ட்டால பெருசா "ஜாக்கி"ன்னு தமிழ்லயே எழுதி.